கல்லீரலில் நோய், முதுகில் வலி

சங்கரன்கோவில் வட்டாரத்தில் முதுகுவலியை யாரும் ஒரு நோயாகக் கருதுவதில்லை. நாள் முழுவதும் விசைத்தறியின் முன் நிற்பவருக்கும், விடியுமுன்னே குனிந்து பூப்பறித்துச் சந்தைக்கு அனுப்புபவருக்கும், மூட்டை சுமப்பவருக்கும் அது தொழிலோடு ஒட்டிக்கொண்டு வந்த துணை. தைலம், ஒத்தடம், மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலேயே கிடைக்கும் வலி மாத்திரை என்று மாதங்கள் கழிந்துவிடும். பெரும்பாலான முதுகுவலிக்கு அது போதும் என்பதும் உண்மைதான். ஆனால், மிகச் சிலருக்கு அந்த வலியின் வேர் முதுகில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. கல்லீரலில் தோன்றிய புற்றுநோய் வெளியே தெரியாமல் வளர்ந்து, முதுகெலும்பைச் சென்றடைந்த பிறகுதான் முதன்முதலாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

அந்தச் சிலரை எப்படி அடையாளம் காண்பது? 'ட்யூமர் மார்க்கர்' என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே, அதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுடன் நான்கைந்து புற்றுக் குறிப்பான்களையும் ஒரே கட்டணத்தில் சேர்த்துத் தரும் விளம்பரங்கள் சிற்றூர்கள் வரை வந்துவிட்டன. இந்தக் குறிப்பான்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்கப்படும் பரிசோதனை இருவகையில் கேடு செய்யும்: நோய் இல்லாதவரை அலைக்கழிக்கும், நோய் இருப்பவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவைக்கும். இரண்டாவதுதான் கொடியது.

முதலில் நோயின் வழியைப் பார்ப்போம். கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் உறை இழுபட்டால்தான் வலிக்கும். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பில் எலுமிச்சை அளவுக் கட்டி இருந்தாலும் பசியும் தூக்கமும் வேலையும் வழக்கம்போல் நடக்கும். அதற்குள் புற்றணுக்கள் ரத்தக் குழாய்களுக்குள் புகுந்துவிடக்கூடும். கல்லீரல் புற்று ரத்தக் குழாய்களை நாடிச் செல்லும் இயல்புடையது. கல்லீரலை விட்டு வெளியேறினால் அது முதலில் செல்வது பெரும்பாலும் நுரையீரலுக்கு. அதற்கடுத்து நிணநீர்க் கணுக்களும் எலும்புகளும். அவ்வாறு வெளியே பரவியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எலும்பு பாதிக்கப்படுகிறது.

எலும்புகளிலும் முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் விலா எலும்புகளையுமே அது அதிகம் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த உடற்கூறியல் அறிஞர் ஆஸ்கர் பேட்சன் 1940-இல் அதை விளக்கினார். முதுகெலும்பைச் சுற்றி ஒரு சிரைப் பின்னல் உண்டு. மற்றச் சிரைகளில் ரத்தம் பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கும் அடைப்பிதழ்கள் இந்தப் பின்னலில் இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் பளு தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. அப்போது ரத்தம் திசை மாறி இந்தப் பின்னலுக்குள் ஏறுகிறது. வயிற்றுப் பகுதியிலிருந்து வரும் புற்றணு, நுரையீரல் என்னும் வடிகட்டியைத் தொடாமலே முள்ளெலும்பில் இறங்க இது குறுக்குவழி. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை கட்டியால் அடைபட்டவர்களுக்கு இந்த வழி இன்னும் அகலமாகத் திறக்கிறது.

எலும்பை அடைந்த கல்லீரல் புற்று அதை அரித்துக் கரைக்கிறது. புராஸ்டேட் புற்றைப்போல எலும்பை இறுகச் செய்வதில்லை. புற்று என்ற நம் சொல்லே கரையான் அரித்துக் குடைவதை நினைவூட்டுகிறது. மருத்துவப் படங்களில் அந்த முள்ளெலும்பைப் பார்ப்பவருக்கு அந்தச் சொல்லின் பொருத்தம் புரியும். (சங்கரன்கோவிலில் கோமதி அம்மனை வணங்கிப் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்று நோய் தீர வேண்டுவது நெடுநாளைய வழக்கம். அந்த நம்பிக்கையோடு யாரும் சண்டையிட வேண்டியதில்லை. மண்ணைப் பூசிக்கொண்டே ஸ்கேனுக்கும் போகலாம்.)

இனி குறிப்பான்களுக்கு வருவோம். கல்லீரல் புற்றுக்குரிய முதன்மைக் குறிப்பான் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம், சுருக்கமாக ஏ.எஃப்.பி. கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரல் இதை ஏராளமாகச் சுரக்கிறது. பிறந்த ஓராண்டுக்குள் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மாஸ்கோவில் கேரி அபெலெவ் 1963-இல் கல்லீரல் புற்றுள்ள எலிகளின் ரத்தத்தில் இந்தக் கருப் புரதம் மீண்டும் தோன்றுவதைக் கண்டார். மறுஆண்டு, அஸ்திரகானில் யூரி தாத்தாரினோவ் மனித நோயாளிகளிடமும் அதைக் கண்டார். முதிர்ந்த செல் புற்றாக மாறும்போது, கருக்காலத்தில் மூடி வைத்த மரபணுவை மறுபடி திறந்துவிடுகிறது என்பது அன்று வியப்பூட்டிய செய்தி. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 10 நானோகிராமுக்குள் இருப்பது இயல்பு. நானூறைத் தாண்டி, கல்லீரலில் கட்டியும் தெரிந்தால் ஐயம் வலுக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கல்லீரல் புற்று உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏ.எஃப்.பி. உயர்வதே இல்லை. கட்டி சிறிதாக, குணப்படுத்தக்கூடியதாக இருக்கும்போது உயராமல் இருப்பதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். எனவே, 'மார்க்கர் நார்மல்' என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் புற்று இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மறுபுறம், கர்ப்பிணிகளுக்கு இது இயல்பாகவே உயர்ந்திருக்கும். கல்லீரல் அழற்சி தீவிரமாகும்போதும், அழிந்த கல்லீரல் செல்கள் மீண்டும் வளரும்போதும், விரைப் புற்றுகள் சிலவற்றிலும் உயரும்.

மற்றக் குறிப்பான்களின் கதையும் இதுவே. கல்லீரல் சுருக்க நோயால் வயிற்றில் நீர் கோத்துள்ள பெண்ணுக்கு சி.ஏ. 125 பரிசோதித்தால், சினைப்பையில் எந்தக் குறையும் இல்லாதபோதும் அது பன்மடங்கு உயர்ந்து காட்டும்; குடும்பம் சினைப்பைப் புற்று என்று அஞ்சி அலையும். பித்தநாளத்தில் கல் அடைத்துக் காமாலை வந்தவருக்கு சி.ஏ. 19-9 உயரும். புகைப்பவர்களுக்கு சி.இ.ஏ. சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கல்லீரல் புற்றுக்கென்று 1984-இல் அறியப்பட்ட 'பிவ்கா' என்னும் இன்னொரு குறிப்பான் ஏ.எஃப்.பி. தவறவிடுவதில் ஒரு பகுதியைப் பிடிக்கிறது. ஆனால், வைட்டமின் கே குறைந்தாலும், ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டாலும் அதுவும் உயர்ந்துவிடும். முடி வளர்ச்சிக்கென்று பலர் விழுங்கும் பயோட்டின் மாத்திரைகூடச் சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றி, அளவைக் குறைத்துக் காட்டக்கூடும்.

எலும்பில் புற்று பரவியிருக்கிறதா என்று அறிய ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியைப் பார்ப்பது பழைய வழக்கம். மற்றப் புற்றுநோயாளிகளுக்கு அது ஓரளவு துணை செய்யும். கல்லீரல் நோயாளிக்கோ அது இரட்டை நாக்குடைய சாட்சி. அந்த நொதி எலும்பிலிருந்தும் வரும், கல்லீரலிலிருந்தும் வரும். எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய காமா ஜிடி என்ற இன்னொரு நொதியைப் பார்ப்பார்கள். அது இயல்பாக இருந்தால் எலும்பைச் சந்தேகிக்கலாம். ஆனால், கல்லீரல் ஏற்கெனவே கெட்டுப்போனவருக்கு, அதிலும் மது அருந்துபவருக்கு, காமா ஜிடி எப்படியும் உயர்ந்துதான் இருக்கும். ஆக, அந்த வழியும் அடைபடுகிறது. போதாக்குறைக்கு, எலும்பை அரிக்க மட்டுமே செய்யும் புற்றில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உயராமலே இருக்கலாம். அந்த நொதி எலும்பைக் கட்டும் செல்களிலிருந்து வருவது, இடிக்கும் செல்களிலிருந்து அன்று. இதே காரணத்தால், உடல் முழுவதும் எடுக்கும் எலும்பு ஸ்கேனிலும் கல்லீரல் புற்றின் பரவல் சில வேளை தப்பிவிடுகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால் முள்ளெலும்பின் தாதுப்பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருக்க வேண்டும். முதுகெலும்பைப் பொறுத்தவரை நம்பத்தக்கது எம்.ஆர்.ஐ.தான்.

அப்படியானால் குறிப்பான்களால் பயனே இல்லையா? உண்டு; சரியான ஆளிடம், சரியான நேரத்தில். கல்லீரல் புற்றுக்கு அறுவை சிகிச்சையோ மாற்றுக் கல்லீரலோ பெற்ற ஒருவருக்கு, முன்பு ஏ.எஃப்.பி. மிக உயர்ந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் இந்தப் புரதம் ஐந்து முதல் ஏழு நாள்களில் பாதியாகக் குறையும். கட்டி முழுவதும் அகற்றப்பட்டிருந்தால் சில வாரங்களில் அளவு இயல்புக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ மிச்சம் இருக்கிறது. வந்து, பல மாதங்கள் கழித்து மீண்டும் ஏறத் தொடங்கினால், கல்லீரல் ஸ்கேன் தெளிவாக இருந்தாலும் நுரையீரலையும் எலும்பையும் தேடிப்பார்க்க வேண்டும். ஒற்றை எண்ணைவிட எண்களின் போக்கே பேசுகிறது. முள்ளெலும்பில் அரிப்பு தெரிகிறது, மூலம் எங்கென்று தெரியவில்லை என்ற நிலையிலும் ஏ.எஃப்.பி. ஆயிரக்கணக்கில் இருந்தால் விரல் கல்லீரலை நோக்கித் திரும்பும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் இது உதவும், ஆனால் தனித்தன்று. சீனாவின் ஷாங்காய் நகரில் ஹெபடைடிஸ் பி தொற்றோ நாள்பட்ட கல்லீரல் அழற்சியோ உடைய ஏறத்தாழ 19,000 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப்.பி.யும் அல்ட்ராசவுண்டும் செய்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் பலர் ஒழுங்காக வரவில்லை. அப்படியும் அந்தப் பிரிவில் கல்லீரல் புற்றால் நேர்ந்த இறப்பு 37 சதவீதம் குறைவாக இருந்ததாக 2004-இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, பரிசோதிக்கப்பட்டவர்கள் யார் என்பதை. வழியில் போகிறவர்கள் அல்லர். கல்லீரல் நோய் அபாயம் உள்ளவர்கள். அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்தால் அடுத்தது மூன்று கட்டங்களில் எடுக்கும் சி.டி. ஸ்கேன். கல்லீரலுக்கு ரத்தத்தின் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியே வருகிறது. கட்டியோ தமனியிலிருந்தே ரத்தத்தை உறிஞ்சுகிறது. அதனால், செலுத்தும் மருந்து கட்டியில் முதலில் பளிச்சிட்டுப் பிறகு மங்குகிறது. சுருக்க நோய் உள்ளவரிடம் இந்தத் தோற்றமே நோயை உறுதி செய்யும். பல வேளை ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டியதுகூட இல்லை.

அந்த அபாயத்தில் இருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? 2022-இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி-யுடனும் 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி-யுடனும் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் தமக்குத் தொற்று இருப்பதையே அறியாதவர்கள். இவர்களோடு, மதுவால் கல்லீரல் சுருங்கியவர்களையும், சர்க்கரை நோயோடு கொழுப்புக் கல்லீரல் முற்றியவர்களையும் சேர்க்க வேண்டும். சில்லறை மது விற்பனையை அரசே 2003 முதல் நடத்திவரும் மாநிலத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மக்காச்சோளமும் நிலக்கடலையும் விளையும் இத்தகைய மானாவாரிப் பகுதிகளுக்கு இன்னொன்றும் உண்டு: ஈரத்தோடு சேமித்த தானியத்தில் வளரும் பூஞ்சையின் அஃப்ளடாக்சின் நஞ்சு. ஹெபடைடிஸ் பி உள்ளவர் அந்த நஞ்சையும் உட்கொண்டால் அபாயம் கூடுவதில்லை, பெருகுகிறது.

நம் ஊர்களில் மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. இதை நவீன மருத்துவம் ஏளனம் செய்துவிட்டுப் போய்விடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்குடன் இணைந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார்கள். 1988-இல் 'லான்செட்' இதழில் அது வெளியானது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாகவும், மாற்றாகப் போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்ததாகவும் அது கூறியது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லி குடிப்பதைவிடப் பெரிய ஆபத்து, குடித்துக் காமாலை தெளிந்ததும் கணக்கு முடிந்தது என்று எண்ணுவதுதான். குடிநீரால் பரவும் ஏ, இ வகைக் காமாலைகள் பொதுவாகத் தாமே தீர்ந்துவிடும். புற்றுக்கு இட்டுச் செல்வதில்லை. பி வகையோ கண்ணின் மஞ்சள் மறைந்த பிறகும் சிலரிடம் தங்கிவிடும். பெரியவர்களாகி அதைப் பெறுவோரில் ஏறக்குறைய இருபதில் ஒருவரிடமே தங்குகிறது; பிறக்கும்போது தாயிடமிருந்து பெறும் சிசுக்களில் பத்தில் ஒன்பது பேரிடம் தங்குகிறது. அவர்களுக்குக் காமாலையே வந்திருக்காது. முப்பது, நாற்பது ஆண்டு கழித்து, கல்லீரல் சுருங்காமலே நேரடியாகப் புற்று வரலாம்.

ஆகவே, நான்கைந்து மார்க்கர்களுக்குச் செலவிடுவதற்கு முன் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்துகொள்ள வேண்டியது 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.' என்ற எளிய பரிசோதனை. வீட்டில் யாருக்கேனும் தொற்று இருந்தால் கட்டாயம். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி வகை பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் முற்றிலும் நீங்குகிறது. பி வகையை நீக்குவது அரிது, அடக்கிவைக்க முடியும். தடுப்பூசியோ அதைவிட மேல். 1984-இல் பிறந்த குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கிய தைவானில், சிறார்களிடையே கல்லீரல் புற்றே குறைந்தது. இந்தியாவில் அது நாடு முழுவதற்கும் விரிந்தது 2011-இல்தான். அதற்கு முன் பிறந்து தடுப்பூசி பெறாத தலைமுறைதான் இன்று தறியிலும் வயலிலும் அலுவலகத்திலும் இருக்கிறது.

இனி, எலும்பை நோய் எட்டிவிட்டவர்கள். கல்லீரல் நோய் இருப்பது தெரிந்த ஒருவருக்குப் புதிதாக முதுகுவலி வந்து, படுத்தாலும் குறையாமல், இரவில் கூடி, வாரக்கணக்கில் நீடித்தால் தைலத்தோடு நிறுத்தக் கூடாது. கால் துவண்டாலோ, இடுப்புக்குக் கீழ் மரத்தாலோ, சிறுநீர் பிரியாமல் அடைத்தாலோ அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம்; முள்ளெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது என்று பொருள். நடந்து வரும்போதே சிகிச்சை தொடங்கியவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முற்றிலும் செயலிழந்து ஓரிரு நாள் கடந்துவிட்டால் மீண்டும் எழுந்து நடப்பவர் சிலரே. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் இரண்டு நாள்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வலியைக் குறைக்கக் கதிர்வீச்சு நல்ல வழி. பத்து நாள் தொடர்ந்து தருவதைப்போலவே, சிக்கலில்லாத எலும்பு வலிக்கு 8 கிரே அளவை ஒரே முறை தருவதும் பலன் அளிக்கும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்கு வலி தணிகிறது. பின்னாளில் மீண்டும் ஒருமுறை தேவைப்படலாம் என்பது மட்டுமே குறை. சங்கரன்கோவில் 2019-இல் உருவான தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது என்றாலும், கதிர்வீச்சுக்கு இன்றும் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ மலை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோதான் போகிறார்கள். நோகும் முதுகோடு பேருந்தில் பத்து முறை போய் வருவதற்கும் ஒரு முறை போய் வருவதற்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவக் கணக்கில் மட்டும் அளக்க முடியாது. ஒரே முறையில் தர இயலுமா என்று கேட்பது நோயாளியின் உரிமை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சும் அடங்கும்.

வலி மாத்திரைகளில் ஒரு தலைகீழான நம்பிக்கை நிலவுகிறது. பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும் என்று அஞ்சி, டைக்ளோஃபினாக் போன்றவற்றை விழுங்குகிறார்கள். கல்லீரல் சுருங்கியவருக்கு டைக்ளோஃபினாக் வகைதான் பெருங்கேடு. சிறுநீரகத்தை முடக்கும், உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் ரத்தக்கசிவை உண்டாக்கும். மருத்துவர் சொல்லும் குறைந்த அளவில், பொதுவாக நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மிகாமல், பாராசிட்டமாலே அவர்களுக்குப் பாதுகாப்பானது. அதற்கும் அடங்காத வலிக்கு மார்ஃபின். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதை மருத்துவமனைகளிலிருந்தே விரட்டிவிட்டிருந்தது. 2014-இல் வந்த திருத்தம் கெடுபிடியைத் தளர்த்தியது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிப்புச் சேவை தரும் ஏற்பாடும் உண்டு. பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். கல்லீரல் நோயாளிக்கு மார்ஃபின் குறைந்த அளவில், நீண்ட இடைவெளியில் தரப்பட வேண்டும். அது மலச்சிக்கலை உண்டாக்கும். மலம் தங்கினால் குடலில் உருவாகும் அமோனியா மூளையை எட்டி நினைவைக் குழப்பும். மருந்துச் சீட்டில் மார்ஃபினோடு லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று வீட்டார் பார்த்து, இல்லையென்றால் அப்போதே மருத்துவரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.